கண்ணுக்குத் தெரியாத நூல்



‘நூல்’ என்னும் சொல் தமிழில் இரு பொருள் தருவது. கற்பதும் நூல், தைப்பதும் நூல். பஞ்சு இழையாவதையும் சொல் செய்யுளாவதையும் பொருத்திக் காட்டி, இரண்டுக்கும் ஒரே பெயர் வந்த காரணத்தை நன்னூலின் பாயிரம் விளக்குகிறது. முப்பத்தைந்து ஆண்டுகள் முதல்வகை நூலோடு காலங்கழித்தவன் நான். பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகே இரண்டாம்வகை நூல் என் கைக்கு வந்தது. வந்ததும் எளிய நூலாக வரவில்லை. அது பஞ்சிலிருந்து நூற்றதன்று, முறுக்கேற்றியதும் அன்று, கண்ணுக்குத் தெரிவதும் அன்று. நன்னூலார் இதைக் கண்டிருந்தால் தம் உவமையைச் சற்றே திருத்தியிருப்பார் போலும். வானொலியில் பேசுகின்றவனும் கண்ணுக்குத் தெரியாதவனே. ஆதலின், அந்நூலைப் பற்றிப் பேச இதைவிடத் தக்க இடம் வேறில்லை என்று துணிந்து வந்திருக்கிறேன்.

என் மனைவி மறைந்தபோது ஒரு பெட்டி நிறையச் சேலைகளையும், காலால் மிதித்து ஓட்டும் கரிய தையல் இயந்திரம் ஒன்றையும் விட்டுச் சென்றாள். நான்கு ஆண்டுகள் இரண்டும் மூடியே கிடந்தன. என் மகள் கருவுற்றிருந்த காலத்தில் ஒருநாள் அப்பெட்டியைத் திறந்து பார்த்தாள். “அப்பா, இந்தச் சேலைகளை மடித்து மடித்து வைத்து என்ன பயன்? அம்மா உடுத்திய சேலைகளைக் கொண்டு பிள்ளைக்கு ஒரு போர்வை தைத்துக் கொடுங்கள்” என்றாள். செட்டிநாட்டுக் கண்டாங்கி, மதுரைச் சுங்குடி, திருமணத்தின்போது எடுத்த காஞ்சிப் பட்டு என்று பன்னிரண்டு சேலைகள். சாண் அகலச் சதுரங்களாக வெட்டி, ஒன்றோடொன்று இணைத்து, உள்ளே மெல்லிய பருத்தித் துணி இட்டு, பின்புறம் ஒரு வேட்டித் துணியை வைத்துத் தைக்க வேண்டும்.

ஓர் ஆடவன், அதிலும் தலைமையாசிரியனாக இருந்தவன், தையல் இயந்திரத்தின்முன் அமர்வதா என்று உறவினர் சிலர் நகைத்தனர். ஊரிலுள்ள தையற்கடைகளை ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். அங்கே அமர்ந்திருப்பவருள் பெரும்பாலோர் ஆடவரே. கூலி வந்தால் ஆடவர்க்குரியது, கூலி வாராவிடின் பெண்டிர்க்குரியது என்பது விசித்திரமான நீதி. அன்றியும், ஆசிரியப் பயிற்சி பெற்ற நாளில் கைத்தொழிற் பாடத்தில் நேர்த்தையல் பயின்றவன் நான். ஆதலால் நகைப்பைப் பொருட்படுத்தவில்லை.

இந்த இயந்திரத்தின் மேல் எனக்கு மதிப்பு உண்டாக வேறொரு காரணமும் உண்டு. 1924இல், சாந்திநிகேதனத்து மாணவராயிருந்த ஜி. இராமச்சந்திரன் என்பவர், தாங்கள் எல்லா இயந்திரங்களையும் எதிர்க்கிறீர்களா என்று காந்தியடிகளிடம் வினவினார். பின்னாளில், 1947இல், டாக்டர் சௌந்தரம் அம்மையாருடன் திண்டுக்கல்லை அடுத்துக் காந்திகிராமத்தை நிறுவியவர் இவரே. அடிகள் அவருக்கு விடை கூறும்போது சிங்கர் தையல் இயந்திரத்தை விலக்காக எடுத்துக் காட்டினார். மனிதர் கண்டுபிடித்தவற்றுள் மெய்யாகவே பயன்படும் சிலவற்றுள் அதுவும் ஒன்று என்றும், மனைவி கையால் தைத்து வருந்துவதைக் கண்டு சிங்கர் அன்பினால் அதை ஆக்கினார் என்றும் கூறினார். அன்பைப் பற்றிய பகுதி அழகியது. வரலாறோ சற்று வேறு. ஊசியின் முனையருகே கண் வைத்து, இரண்டு நூல்களால் பூட்டுத் தையல் இடும் இயந்திரத்துக்கு எலியாஸ் ஹோவ் என்பவர் 1846இலேயே அமெரிக்காவில் காப்புரிமை பெற்றுவிட்டார். சிங்கர் பெற்றது 1851இல். அவர் தேர்ந்த வணிகர். ஹோவுக்கு உரிமைத்தொகை கொடுக்கவும் நேர்ந்தது. அது நிற்க.

போர்வைக்கு வருவோம். சதுரங்களைத் தனித்தனியே இணைப்பது எளிது. தையல் உள்ளே மறைந்துவிடும். மேலும் கீழுமாக மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைக்கும்போதுதான் இடர் வந்தது. அத்தையல் மேற்புறத்தில் வெளிப்படையாக ஓடும். பச்சைச் சதுரத்துக்குப் பொருந்தும் நூல் அடுத்த மஞ்சளில் கோடு கிழித்தாற்போல் தெரியும். மஞ்சளுக்கு ஏற்றது அரக்குப் பட்டில் நூல் விட்டுப்போனாற்போல் தோன்றும். சதுரத்துக்குச் சதுரம் நூலை மாற்றினால் தையல் முடிய ஓராண்டு ஆகும். பிள்ளையோ பங்குனியில் பிறக்க இருந்தது. கடைத்தெருவில் நூல் விற்பவரிடம் என் குறையைச் சொன்னேன். அவர் ஒரு சிறு கண்டை எடுத்து மேசைமேல் வைத்தார். அதில் நூல் சுற்றியிருக்கிறது என்பதையே நான் விரலால் தொட்டுத்தான் அறிந்தேன். “நரம்பு நூல், ஐயா. எந்த நிறத்துக்கும் ஒத்துப்போகும்” என்றார்.

நரம்பு என்று அவர் சொன்னது பொருத்தமே. கடற்கரை ஊர்களில் நரம்பு என்றும் தங்கூசி என்றும் வழங்கும் தூண்டிலிழையின் தம்பி அது. மீனின் கண்ணுக்குப் புலப்படாமல் நீரில் கிடக்கும் அந்த இழையை மேலும் மெல்லியதாக்கினால் தையலுக்கு வந்துவிடும். அதன் தடிப்பு ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர், தடித்த தலைமயிர் ஒன்றின் அளவு. நைலானாலும் செய்வர், பாலியெஸ்டராலும் செய்வர்.

பருத்தி நூலை உருப்பெருக்கிக் கண்ணாடி வழியே நோக்குங்கள். எண்ணற்ற குறுமயிர்கள் ஒன்றையொன்று பற்றி முறுக்கிக்கொண்டிருக்கும். இரண்டு மூன்று புரிகள் சேர்ந்து ஒரு நூலாகியிருக்கும். ஓரமெல்லாம் துய் துய்யாக நீட்டிக்கொண்டிருக்கும். நரம்பு நூலோ ஒற்றை இழை. இடியாப்ப அச்சில் ஒரே ஒரு நுண்துளை மட்டும் இருப்பதாகக் கருதுங்கள். உருகிய நைலானை அதன் வழியே பிழிந்தால் வெளிவருவது இதுவே. ஒளி அதனுள் புகுந்து கீழே உள்ள துணியை அடைந்து, அத்துணியின் நிறத்தோடு திரும்பி நம் கண்ணை அடைகிறது. எனவே பச்சைமேல் பச்சை, மஞ்சள்மேல் மஞ்சள். ஆயினும் அதன் மேற்பரப்பு கண்ணாடி போல் வழவழப்பானது. ஒளி சாய்வாகப் பட்டால் பளிச்சிடும். வெளிர்நிறத் துணியில் அப்பளபளப்புத் தோன்றாது. கருநிறத் துணியில் வெள்ளைக் கோடாகக் காட்டிக் கொடுத்துவிடும். இதனால்தான் கருந்துணிக்கென்று புகைநிற நரம்பு நூல் தனியே விற்கிறார்கள். புகையைக் கண்டு நெருப்பை அறிவது அளவை நூலார் வழக்கம். இங்கே புகையை இட்டு நூலை மறைக்கிறோம்.

முதல் நாள் நான் பட்ட பாட்டைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள், வகுப்பில் நான் உங்களைப் போன்றவர்களைச் சிரிக்கவிட்டது குறைவு. ஊசியின் கண்ணில் நூலைக் கோக்கவே கால்மணி நேரம் ஆயிற்று. நூல் தெரியவில்லை; கோத்துவிட்டேனா இல்லையா என்பதும் தெரியவில்லை. இறுதியில் இழையின் நுனியைக் கறுப்பு மையில் தோய்த்து, ஊசிக்குப் பின்னால் வெள்ளைத் தாளைப் பிடித்துக் கோத்தேன். மிதியை நான்கு முறை மிதித்தவுடன் நூல் அறுந்தது. கண்டிலிருந்து சுருள் சுருளாகத் துள்ளி விழுந்து, கண்டு செருகிய கம்பியின் அடியில் சுற்றிக்கொண்டது. மீண்டும் கோத்தேன், மீண்டும் அறுந்தது. மாலைக்குள் இரண்டு ஊசிகள் முறிந்தன. தைத்த பகுதியோ கொசுவம் வைத்தாற்போல் சுருங்கிக் கிடந்தது. போலிச் சரக்கு என்று கடைக்காரரை மனத்துள் வைதேன்.

அடுத்த தெருவில் தையற்கடை வைத்திருப்பவர் என்னிடம் படித்தவர். கணக்குப் பாடத்தில் அவரை நான் ஒரு தடவையேனும் பாராட்டியதாக நினைவில்லை. துணியை அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் மேற்புறத்தைப் பார்க்கவே இல்லை. உடனே புரட்டிப் பின்புறத்தைப் பார்த்தார். “ஐயா, மேல்நூல்தான் தெரியாது. பாபின் நூல் தெரியுமல்லவா? அதைக் கேளுங்கள், மேல்நூல் என்ன செய்கிறது என்று அது சொல்லும்” என்றார்.

அவர் சொன்னதன் பொருள் விளங்க வேண்டுமானால், பூட்டுத் தையல் எவ்வாறு விழுகிறது என்பதை அறிதல் வேண்டும். ஊசி மேல்நூலைத் துணிக்குள் இறக்குகிறது. ஊசி சற்று மேலெழும்போது நூல் ஒரு சிறு வளையமாகத் தளர்கிறது. அடியிலுள்ள கொக்கி அவ்வளையத்தைப் பற்றி, பாபினைச் சுற்றிவரச் செய்கிறது. ஆக, மேல்நூலின் வளையத்துக்குள் அடிநூல் அகப்பட்டுவிடுகிறது. பிறகு மேலே உள்ள நெம்புகோல் நூலைச் சுண்டி இழுக்க, இரண்டும் பின்னிக்கொள்கின்றன. அப்பின்னல் துணியின் நடுவில், இரு புறத்தார்க்கும் தெரியாமல் அமைய வேண்டும். மேல்நூல் மிகுதியாக இறுகியிருந்தால் அடிநூலைத் தன்பக்கம் இழுத்துக்கொள்ளும். மேற்புறத்தில் அடிநூல் புள்ளி புள்ளியாக எட்டிப் பார்க்கும். மேல்நூல் தளர்ந்திருந்தால் அது கீழே போய் வளைய வளையமாகத் தொங்கும். சாதாரண நூலில் இவ்விரண்டையும் கண்டவுடன் அறியலாம். நரம்பு நூலிலோ பாதிச் சான்று மறைந்துபோகிறது. எஞ்சிய பாதியைக் கொண்டே முழுமையையும் அனுமானிக்க வேண்டும். என் துணியில் மேற்புறம் முழுவதும் வெள்ளைப் புள்ளிகள் இருந்தன. அவற்றை நானும் கண்டேன். அழுக்கு என்று நினைத்துக்கொண்டேன்!

இறுக்கம் ஏன் அவ்வளவு கேடு செய்தது என்பதை இரவில் எண்ணிப் பார்த்தேன். பருத்தி நூல் தன் நீளத்தில் நூற்றுக்குப் பத்துப் பங்குகூட நீள்வதற்கு முன்பே பெரும்பாலும் அறுந்துவிடும். நைலான் இழை அதனினும் வெகுவாக நீளும்; விட்டால் பழைய நிலைக்குத் திரும்பும். இறுக்கத் தட்டுகளின் இடையே இழுபட்டு, நீண்ட நிலையிலேயே தையலில் அமர்ந்த நூல், இயந்திரத்தினின்று துணி வெளிவந்தவுடன் சுருங்கத் தொடங்குகிறது. துணியையும் தன்னோடு சுருக்குகிறது. என் கொசுவத்துக்குக் காரணம் இதுவே. இதே இழையைப் பாபினில் வேகமாகவும் நிறையவும் சுற்றினால், அது சுருங்கும் வலிமையில் பிளாஸ்டிக் பாபின் பிதுங்கிக் கெட்டுப்போவதும் உண்டு. ஆதலால் அடியில் பருத்தி நூலையே இட்டுக்கொண்டேன்.

மாணவர்களே, இவ்விழை இத்தன்மை பெற்ற கதை சுவையானது. அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்து வில்மிங்டன் நகரில், டூபாண்ட் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில், வாலஸ் கரோதர்ஸ் என்பவர் தலைமையில் வேதியியலார் சிலர் நெடுஞ்சங்கிலி போன்ற மூலக்கூறுகளை ஆக்க முயன்றுவந்தனர். 1930இல் அவருள் ஒருவரான ஜூலியன் ஹில், உருகிய பொருளில் ஒரு கோலை நனைத்து எடுத்தார். கோலின் நுனியோடு இழை ஒன்று தொடர்ந்து வந்தது. ஆறிய பின்னும் அது இழுக்க இழுக்க நீண்டது. நீண்ட பின்னர் முன்னிலும் வலிமை உற்றது. நடைக்கூடத்தில் இழையைப் பிடித்துக்கொண்டு ஓடி, எவ்வளவு தூரம் நீள்கிறது என்று அவர்கள் விளையாட்டாய்ப் பார்த்தார்களாம். கலைந்து கிடந்த மூலக்கூறுகள், வைக்கோலைக் கோதிப் பிரி திரித்தாற்போல், இழுத்த திசையில் வரிசைப்பட்டதே அவ்வலிமைக்குக் காரணம். ஆனால் அந்த முதற்பொருள் குறைந்த வெப்பத்திலேயே உருகிவிடுவது, ஆடைக்கு ஆகாது. 1935 பிப்ரவரி 28ஆம் நாள் அதே ஆய்வுக்கூடத்தில் வேறொரு சேர்மம் உருவாயிற்று. ஆறு கார்பன் அணுக்கள் கொண்ட இரு பொருள்களைச் சேர்த்து ஆக்கியதால் அதை நைலான் 66 என்பர். கரோதர்ஸ் 1937இல், நாற்பத்தொரு வயதில், மறைந்தார். மறு ஆண்டே நைலான் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. பெண்களின் காலுறைகள் 1940இல் பெருவாரியாக விற்பனைக்கு வந்து பெரும்புகழ் ஈட்டின. ஆனால் அதற்கு முன், 1938இலேயே, நைலான் முதன்முதல் கடைக்கு வந்தது பல் துலக்கும் தூரிகையின் மயிராகவே. அம்மயிரும் ஒற்றை இழைதான். நம் நரம்பு நூலுக்கு அது தமக்கை முறை ஆகும். பாலியெஸ்டர் இழை 1941இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டு, டிக்சன் என்னும் இருவர் கண்டது.

இக்கதையில் எனக்கு வேண்டிய பாடம் ஒன்று ஒளிந்திருந்தது. அதை நான் துணியைக் கெடுத்த பிறகே உணர்ந்தேன். இழுத்து வரிசைப்படுத்திய மூலக்கூறுகள், வெப்பம் பட்டால் தம் பழைய கலைந்த நிலைக்குத் திரும்ப விழையும். நைலான் 66 உருகுவது ஏறத்தாழ 260 பாகை செல்சியசில். நைலான் 6 என்னும் வகை 220 பாகையளவில். பருத்திக்கு வைக்கும் சலவைப்பெட்டியின் சூடு 200 பாகையளவே என்பதால் அஞ்ச வேண்டியதில்லை என்று நான் கணக்கிட்டேன். கணக்குச் சரி; பாடம் தவறு. உருகுவதற்கு வெகு முன்னரே இழை இளகிச் சுருங்கும். நைலானுக்குரிய சூடு ஒற்றைப் புள்ளி, அதாவது 110 பாகையளவு என்பதைச் சலவைக் குறியீடுகளில் காணலாம். இரண்டு வரிசைச் சதுரங்கள் ஒரு நொடியில் முறுக்கிக்கொண்டன. அதன்பின் பெட்டியை மிதமான சூட்டில் வைத்து, மேலே ஒரு துணி விரித்து, பின்புறமாகவே தேய்த்தேன்.

பட்டுச் சதுரங்களிலோ வேறு வகைக் கேடு. தையல் நூல் துணியைவிட வலிமை குறைந்ததாக இருக்க வேண்டும் என்பது தையற்கலையின் பழைய விதி. இழுபடும்போது நூல் அறுந்தால் மீண்டும் தைத்துக்கொள்ளலாம். துணி கிழிந்தால் செய்வதற்கொன்றுமில்லை. நாற்பது ஆண்டுப் பட்டை நைலான் இழை கத்திபோல் அறுத்தது. ஊசித்துளைகளின் வரிசையில், தபால்தலையைக் கிழித்தாற்போல், திருமணச் சேலையின் ஒரு சதுரம் இரண்டாயிற்று. அச்சேலையில் எஞ்சியிருந்தது ஒரு முழத்துக்கும் குறைவு. அன்றைக்கு இயந்திரத்தை மூடிவிட்டேன். இரண்டு நாள் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் முறையாகத் தொடங்கினேன். தடித்த 16ஆம் எண் ஊசியை நீக்கி 9ஆம் எண் ஊசியை இட்டேன். மேல்நூலின் இறுக்கத்தைப் படிப்படியாகத் தளர்த்தி, ஒவ்வொரு தடவையும் துண்டுத் துணியில் தைத்து, வெள்ளைப் புள்ளிகள் மறையுமட்டும் பார்த்தேன். நூற்கண்டை இயந்திரத்தின் கம்பியில் செருகாமல், பின்னால் ஒரு கண்ணாடிக் குவளையில் நிறுத்தினேன், இழை கண்டைச் சுழற்றாமல் மேல்முனை வழியாகத் தானே கழன்று வந்தது, துள்ளல் நின்றது. பட்டுச் சதுரங்களின் பின்னால் மெல்லிய பருத்தித் துணியை ஒட்டாக வைத்தேன். என் மனைவியின் இயந்திரம் நேர்த்தையல் மட்டுமே இடவல்லது; வளைந்து வளைந்து ஓடும் தையல் அதற்குத் தெரியாது. ஆகவே இரண்டு சதுரங்கள் கூடும் பள்ளத்திலேயே ஊசியை ஓட்டினேன். அப்பள்ளத்தில் விழுந்த இழை முற்றிலும் மறைந்தது. மெதுவாக மிதித்தேன். வேகமாக மிதித்தால் ஊசி சூடேறும். சூட்டை அவ்விழை பொறாது என்பதை முன்பே கற்றிருந்தேன் அல்லவா?

போர்வை முடிந்தது. சொல்வது தற்பெருமையாகாதெனின், அது அழகாகவே இருந்தது. தைத்ததாகவே தோன்றவில்லை. சேலைகள் தாமே கூடி அமர்ந்தாற்போல் இருந்தது. பார்த்தவர் அனைவரும் தடவிப் பார்த்து வியந்தனர். பேத்தி பிறந்தாள், போர்வையும் அவளோடு மகளின் வீட்டுக்குச் சென்றது.

அவளுக்கு நான்காம் மாதம் நடந்தபோது, ஓர் இரவு குழந்தை விடாது வீரிட்டு அழுததாகத் தொலைபேசியில் செய்தி வந்தது. பால் கொடுத்தும் நிற்கவில்லை. தோளில் போட்டும் நிற்கவில்லை. வயிற்று வலி என்று ஓமநீர் கொடுக்கச் சொன்னவர் சிலர். என் மகள் விளக்கைப் போட்டுக் குழந்தையின் உடலை விரல் விரலாகத் தடவிப் பார்த்திருக்கிறாள். இடது காலின் மூன்றாம் விரல் சிவந்து வீங்கியிருந்தது. அதன் அடியில் வளையமிட்டாற்போல் ஒரு பள்ளம். பள்ளத்தில் என்ன இருக்கிறது என்பது மட்டும் கண்ணுக்குத் தெரியவில்லை. நகத்தால் வருடியபோதுதான் இழை தட்டுப்பட்டது. உடனே மருத்துவரிடம் ஓடினார்கள். அவர் உருப்பெருக்கியை வைத்துக்கொண்டு, நுண்கத்தரியால் அதை அறுத்தெடுத்தார். விரல் பிழைத்தது. இன்னும் சில மணி நேரம் கழிந்திருந்தால் குருதியோட்டம் நின்று விரலையே இழக்க நேர்ந்திருக்கும் என்றார். தாயின் தலைமயிரும் துணியின் பிசிரும் கைக்குழந்தைகளின் விரல்களில் இவ்வாறு சுற்றிக்கொள்வது மருத்துவ உலகம் அறிந்த செய்தியாம். காரணந்தெரியாமல் குழந்தை அழுதால், காலுறையைக் கழற்றி ஒவ்வொரு விரலையும் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். உங்களுள் வீட்டில் தம்பி தங்கை உள்ளவர்கள் இதை மறவாதீர்கள்.

இழை எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவேண்டியிருக்கவில்லை. பருத்தி நூலைப் பின்னோக்கி நான்கு தையல் இட்டு நிறுத்தினால் துய்களின் உராய்வால் அது பிடித்துக்கொள்ளும். வழவழப்பான நரம்பு நூலோ முடிச்சிலிருந்தே வழுக்கி வெளியேறும். துவைக்கத் துவைக்க ஒரு வரிசையின் முனை தளர்ந்து, சிறு வளையமாக மேலே நின்றிருக்கிறது. பருத்தி நூலாயின், துணியை மடிக்கும் எவர் கண்ணிலும் பட்டிருக்கும். எவர்க்கும் தெரியக்கூடாது என்றே நான் தேடி வாங்கிய நூல் அது. எவர்க்கும் தெரியாமலே அது நின்றது. என் பழைய மாணவரிடம் இதைச் சொன்னபோது அவர் முகம் மாறிவிட்டது. “கைக்குழந்தைக்கு என்று ஒரு சொல் சொல்லியிருந்தால், அந்த நூலைத் தொடவே விட்டிருக்க மாட்டேனே, ஐயா” என்றார். துணியைக் காட்டினேன், இறுக்கத்தைக் கேட்டேன், யாருக்கு என்பதை மட்டும் நான் சொல்லவில்லை.

போர்வையைத் திரும்ப வாங்கிவந்து தையல் முழுவதையும் பிரித்தேன். தெரியாத நூலைப் பிரிப்பது எப்படி? மறுபடியும் அடிநூலே துணை. பின்புறத்தில் வெள்ளை நூலை ஐந்து தையலுக்கு ஒரு முறை அறுத்துக்கொண்டு போனால், மேலிழை பற்றுக்கோடின்றி நீளமாகக் கழன்று வந்துவிடும். ஆயினும் துண்டுகள் சில தங்கிவிடும் அல்லவா? அதற்கு இரவில் அறை விளக்கை அணைத்து, போர்வையைத் தரையில் விரித்து, கைவிளக்கைத் தரையோடு தரையாகச் சாய்த்துப் பிடித்தேன். எஞ்சிய இழைகள் சிலந்தி நூல்போல் மின்னின. மேல்பரப்பின் பளபளப்பு குறை என்று முன்னே சொன்னேனே, அக்குறையே இப்போது உதவிற்று. மூன்று வாரம் ஆயிற்று. எடுத்த இழை ஒரு கைப்பிடி இருக்கும். அதைக் குப்பையில் கொட்ட மனம் வரவில்லை; குருவி காலில் சுற்றினாலும் அதே கதைதானே. ஒரு மருந்துப் புட்டியில் அடைத்து மூடியிட்டேன்.

பிறகு குங்குமச் சிவப்புப் பருத்தி நூலால் முழுப் போர்வையையும் மறுபடி தைத்தேன். அந்நிறம் பன்னிரண்டு சேலைகளில் எதனோடும் பொருந்தாது. தையல் சில இடங்களில் பள்ளத்தை விட்டு ஏறியிருக்கிறது. காஞ்சிப் பட்டின்மேல் ஒட்டுப்போட்ட இடமும் நன்றாகவே தெரிகிறது. “அப்பா, இப்போதுதான் இதை நீங்கள் தைத்தீர்கள் என்று தெரிகிறது” என்றாள் மகள். அது பாராட்டா அன்றா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

நரம்பு நூலை நான் வெறுத்துவிட்டேன் என்று எண்ணாதீர்கள். பெரியவர் உடுத்தும் சேலைக்கு ஃபால்ஸ் வைத்துத் தைக்க இதனினும் நல்ல நூல் இல்லை. நாளெல்லாம் வெயில் படும் திரைச்சீலைக்கு மட்டும் வேண்டா. நைலான் வெயிலில் மஞ்சளித்து வலுவிழக்கும். எடுத்த கண்டு பருத்தியா நைலானா என்று ஐயமெழுந்தால், பள்ளி ஆய்வுக்கூடத்தில், ஆசிரியரின் முன்னிலையில், ஒரு துண்டை இடுக்கியால் பிடித்துச் சுடரருகே காட்டுங்கள். பருத்தி எரிந்து, தாள் கருகிய மணத்தோடு சாம்பலாகும். நைலான் சுருண்டு உருகி, ஆறியபின் ஒரு கடினமான மணியாகத் திரளும். அம்மணியைச் சூட்டோடு தொட்டுவிடாதீர்கள்.

எதிர்வீட்டு அம்மையார் நாளை மறுநாள் ஒரு திருமணத்துக்குப் போகிறார். அவருடைய அரக்குப் பட்டுச் சேலை என் மேசைமேல் இருக்கிறது. மாலையில் ஒளி மங்கிவிட்டால் எனக்குக் கண் உதவாது. ஆதலால், பகல் வெளிச்சம் இருக்கும்போதே புகைநிற நூலின் நுனியை மையில் தோய்த்து, ஊசியில் கோத்து வைத்துவிட்டு, இங்கே பேச வந்தேன்.